ஒரு வருடப் படிப்பு, நான்கு தடித்த தொகுதிகள்: நூலகர் ஆக என்ன தேவை?

நூலகர் என்றதும் பலர் மனதில் வருவது ஒரு மேசை, ஒரு முத்திரை, "அமைதி காக்கவும்" என்று ஒரு பலகை. டிகிரி முடித்துவிட்டு ஒரு வருடம் பி.லிப். (நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம்) படித்தால் போதும், கணக்கு கிடையாது, அரசு வேலைக்குக் கூடுதலாக ஒரு கதவு திறக்கும் என்ற நினைப்போடுதான் பலரும் சேர்கிறார்கள். முதல் செய்முறை வகுப்பில், நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூயி தசமப் பகுப்பின் நான்கு தொகுதிகளை மேசைமேல் வைக்கும்போது முகம் மாறுகிறது. முதல் தொகுதியில் துணை அட்டவணைகள், இரண்டிலும் மூன்றிலும் 000 முதல் 999 வரையிலான பகுப்பு எண்கள், நான்காவதில் அகரவரிசைச் சுட்டி. இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் புரட்டத் தெரிவதுதான் படிப்பின் பாதி.

கோட்பாட்டுத் தாள்களை மனப்பாடம் செய்தே கடந்துவிடலாம். பகுப்பு, பட்டியலாக்கம் என்ற இரண்டு செய்முறைத் தாள்களில் அது நடக்காது. நேர்முகத் தேர்வில் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். 'தமிழ்நாட்டில் நெல் சாகுபடி' என்று ஒரு நூல். அதற்கு எண் போட வேண்டும்.

முதலில் நான்காம் தொகுதியில் நெல் என்ற சொல்லைத் தேடுகிறோம். ஒரே ஓர் எண் கிடைக்காது. பயிராக நெல் 633.18, சமையலில் அரிசி 641.6318 என்று பல இடங்களுக்குக் கை காட்டும். நம் நூல் வேளாண்மை பற்றியது என்பதால் 633.18. சுட்டியில் பார்த்த எண்ணை அப்படியே எழுதிவிடக் கூடாது. மூன்றாம் தொகுதியில் அந்த எண் இருக்கும் பக்கத்துக்குப் போய், அதன் கீழ் இருக்கும் குறிப்புகளைப் படிக்க வேண்டும். அடுத்து, இடத்தைக் காட்ட இரண்டாம் துணை அட்டவணை. இந்தியாவுக்கு 54, தமிழ்நாட்டுக்கு 5482. இப்போது இரண்டையும் ஒட்ட வேண்டும்.

தவறு நடப்பது இந்த ஒட்டில்தான். 633.18 பக்கத்திலேயே 5482ஐ வைத்தால் 633.185482 என்றாகும். அது தமிழ்நாட்டைக் குறிக்காது. நெல்லின் ஏதோ ஓர் உட்பிரிவைப் போலத் தோன்றும், அவ்வளவுதான். 'இங்கே இட எண்ணை நேரடியாகச் சேர்க்கலாம்' என்ற குறிப்பு பகுப்புப் பக்கத்தில் இல்லாவிட்டால், முதல் துணை அட்டவணையிலிருந்து 09 என்ற இணைப்பைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும். ஆகவே சரியான எண் 633.18095482.

இதே 5482 வேறு இடங்களில் வேறு மாதிரி ஒட்டும். தமிழ்நாட்டு வரலாறு என்றால் 09 தேவையில்லை. 9 என்ற அடி எண்ணோடு நேரே சேர்ந்து, மூன்று இலக்கத்துக்குப் பின் புள்ளி விழ, 954.82 ஆகும். தமிழ்நாட்டுச் சமையல் என்றால் 641.59 என்ற அடி எண்ணோடு சேர்ந்து 641.595482. நாட்டுப்புறக் கதைகள் என்றால் 398.209 என்ற எண்ணிலேயே 09 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது; அதனால் 398.2095482. ஓர் ஊர், நான்கு ஒட்டு. ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: அந்தந்த எண்ணின் கீழ் என்ன குறிப்பு அச்சாகியிருக்கிறது என்று பார். குறிப்பைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பகுப்புத் தாளில் பயம் போய்விடும்.

எண் போட்டதோடு முடியவில்லை, அடுக்கவும் வேண்டும். 641.6 என்ற நூலும் 641.595482 என்ற நூலும் இருந்தால் எது முதலில் வரும்? புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் இருக்கிறதே, பெரிய எண் என்று நினைத்து உதவியாளர் அதைக் கடைசியில் செருகிவிடுவார். தசம எண் என்பதால் இலக்கம் இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும். 5க்குப் பிறகுதான் 6. ஆகவே சமையல் நூலே முதலில். அடுக்கு மாறிய நூல் காணாமல் போன நூலுக்குச் சமம். பட்டியலில் இருக்கும், யாரும் எடுத்துப் போகவும் இல்லை, ஆனால் கையில் கிடைக்காது. தினமும் காலையில் ஓர் அடுக்கையாவது வரிசை சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

டூயி முறையில் தமிழ் நூலகங்களுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் அடங்கவேண்டும்; அதில் கவிதை 894.8111, புனைகதை 894.8113. 1876இல் அமெரிக்காவில் மெல்வில் டூயி வகுத்தபோது தமிழ் அவருக்குப் பிற மொழிகளில் ஒன்று. கிறிஸ்தவத்துக்கு 230 முதல் 280 வரை தாராளமாக இடம், இந்து சமயத்துக்கு 294.5 என்ற மூலை. லண்டன் நூலகத்தில் 894.8113 என்றால் பத்து நூல் இருக்கலாம். நம் ஊர்க் கிளை நூலகத்தில் அலமாரி அலமாரியாக அதே எண்தான். எண் ஒன்றாகவே இருந்தால் எண்ணால் பயன் இல்லை. ஆகவே நாவல், சிறுகதைகளை எடுத்துத் தனியாக ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கும் வழக்கம் பல நூலகங்களில் உண்டு. விதியை மீறுகிறோமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. மீறியதை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். எழுதாமல் விட்டால் அடுத்து வரும் நூலகர் வேறு மாதிரி அடுக்கத் தொடங்குவார், இரண்டு முறையும் ஒரே அலமாரியில் மோதும்.

இந்த எண்கள் ஒரே சட்டகத்தில் இறுகிக் கிடப்பதை எதிர்த்து மாற்று கண்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதன். அடிப்படையில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் சலித்துப்போய் மாநிலக் கல்லூரிக்கே திரும்பப் பார்த்தார். லண்டன் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து முடிவு செய் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகள், திருகுகள். அவற்றை வைத்தே விதவிதமான பொம்மைகள். ஒரு பொருளுக்கு ஒரு முழு எண்ணை முன்கூட்டியே செய்து வைப்பதற்குப் பதில், துண்டுகளை மட்டும் தயாராக வைத்திருந்தால் தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளலாமே என்பதுதான் 1933இல் வெளியான கோலன் பகுப்பின் கரு.

வகுப்பில் எல்லோரும் பார்க்கும் உதாரணம் ஒன்று உண்டு: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. பார்த்தால் தட்டச்சுப் பிழைபோல் இருக்கும். பிரித்தால் எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 1950களின் காலம். நடுவே வரும் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, புள்ளி, மேற்கோள் குறி ஒவ்வொன்றும் அடுத்து வருவது என்ன வகைத் துண்டு என்று சொல்லும் கொக்கிகள். இதை அடுக்கில் நூல் தேட இன்று பயன்படுத்தும் நூலகங்கள் குறைவு. ஆனால் ஒரு பொருளை அதன் துண்டுகளாக உடைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம், இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டித் தேடும் இடம்வரை வந்து நிற்கிறது. தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறக்கக் கூடாத பாடம்.

பட்டியலாக்கத்துக்கு வருவோம். இங்கே தமிழ்ப் பெயர்கள் படுத்தும் பாடு தனி. மேல்நாட்டு விதிகள் குடும்பப் பெயரை முன்னே போட்டு, காற்புள்ளி வைத்து, பிறகு சொந்தப் பெயரை எழுதச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ரங்கநாதன் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எஸ். என்பது ஷியாளி, அதாவது சீர்காழியின் பழைய ஆங்கில வழக்கு, ஆர். என்பது தந்தை பெயரான ராமாமிர்தம். ஊரும் அப்பாவும் முன்னால், ஆள் கடைசியில். ஆகவே கடைசியில் இருக்கும் சொந்தப் பெயரே தலைப்பு: ரங்கநாதன், எஸ். ஆர். முதலெழுத்துகளைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தகவல் உள்ளிடுபவர் தலைகீழாகப் போட்டுவிட்டால், எஸ் என்ற எழுத்தின் கீழ் அவர் போய் உட்கார்ந்துகொள்வார். தேடுகிறவருக்கு அகப்பட மாட்டார்.

இன்னொரு சிக்கல் எழுத்து. ஒரு நூலின் அட்டையில் ரங்கநாதன், இன்னொன்றில் இரங்கநாதன், மூன்றாவதில் அரங்கநாதன். அகரவரிசையில் ர, இ, அ என்று மூன்று வெவ்வேறு இடம். மூவரும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியாது. ஏதாவது ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு 'காண்க' என்று வழிகாட்டும் பெயர்க் கோப்பு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். புனைபெயர்களுக்கும் இதே கோப்புதான். யாரும் பாராட்டாத வேலை. ஒரு வாரம் விட்டால் குட்டை குழம்பிவிடும்.

எண்ணும் பெயரும் சரியாக இருந்தும் ஒரு நூல் வாசகர் கைக்குப் போகாமல் இருக்கலாம். அதற்குத்தான் வினாவிடைச் சேவை என்ற பாடம். பாடப் புத்தகத்தில் நான்கு பக்கம் இருக்கும். வேலையில் தினமும் இருக்கும். ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்து, "தம்பி, சர்க்கரை பத்தி ஏதாச்சும் புக் இருக்குங்களா?" என்று கேட்கிறார். பட்டியலில் சர்க்கரை என்று அடித்தால் 664.1 என்ற எண்ணில் ஆலைத் தொழில் வரும், 633.61இல் கரும்பு வரும். அவர் கேட்டது 616.462, அதாவது நீரிழிவு. "உங்களுக்குச் சர்க்கரையா ஐயா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடக் கூடாது; அது அவருடைய சொந்த விஷயம். "எதுக்காகப் பாக்கறீங்கய்யா, சாப்பாட்டு முறைக்கா, இல்ல தொழில் சம்பந்தமாவா?" என்றால் அவரே சொல்லிவிடுவார். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல்', 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன.

எங்கே, எதைப் படிப்பது?

இந்தப் படிப்பு இந்தியாவில் வேர் பிடித்த இடங்களில் சென்னை முக்கியமானது. 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1929இல் அதன் கோடைப் பயிற்சிப் பள்ளி, 1931இல் அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது என்று வரிசையாக நடந்தது. இன்று சென்னைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, சேலம் பெரியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகங்கள், திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி எனப் பல இடங்களில் நூலக அறிவியல் துறை உண்டு. தொலைநிலையில் என்றால் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும். பெங்களூரில் ரங்கநாதன் 1962இல் தொடங்கிய ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையம் வேறு ரகம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் இருப்பதால் அங்கே கணினியும் தகவல் அமைப்பும்தான் மையம். கணிதம், கணினி பின்னணி உள்ளவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

பட்டங்களில் இரண்டு பாதை. எந்த டிகிரிக்குப் பிறகும் ஒரு வருட பி.லிப்., அதற்குப் பிறகு ஒரு வருட எம்.லிப். என்பது பழைய வழி. டிகிரியிலிருந்து நேரே இரண்டு வருட ஒருங்கிணைந்த எம்.லிப். என்பது மற்றொன்று. காலம் ஒன்றுதான், ஆனால் கையில் இருக்கும் சான்றிதழ் வேறு. 'பி.லிப். பட்டம் பெற்றிருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கும் அறிவிப்பைப் பார்த்து, இரண்டு வருட எம்.லிப். வைத்திருப்பவர் விளக்கம் கேட்டு அலைய நேரலாம். எந்த வேலையைக் குறிவைக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அந்த வேலையின் கடைசி இரண்டு அறிவிப்புகளைப் படித்த பிறகு படிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தொலைநிலையில் சேர்பவர்கள், அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். செய்முறை வகுப்புகளை ஒப்புக்கு முடித்துக் கொடுக்கும் மையம் என்றால், பக்கத்திலுள்ள கல்லூரி நூலகத்தில் அனுமதி கேட்டு, டூயி தொகுதிகளோடு நூறு நூலுக்காவது தானாக எண் போட்டுப் பழக வேண்டும். போட்ட எண்ணைப் பெரிய நூலகங்களின் இணையப் பட்டியலில் ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும்.

வேலை எங்கெல்லாம்?

கல்லூரி நூலகர் பணிக்கு யு.ஜி.சி. 2018 விதிமுறை அளவுகோல்: நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம், 55 விழுக்காட்டு மதிப்பெண், நூலகத்தைக் கணினிமயமாக்கும் அறிவு, கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, முறைப்படி பெற்ற பி.எச்டி. இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயருக்குள் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு. நெட்டுக்கு 54.9 என்பது 55 ஆகாது. முழுமையாக்கிக் கொள்ள மாட்டார்கள். நெட்டில் நூலக அறிவியலின் பாட எண் 59. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. யு.ஜி.சி. ஏழாம் ஊதிய முறையில் கல்வி நிலை 10, தொடக்க அடிப்படை 57,700 ரூபாய். இது விதிமுறையைப் பின்பற்றும் நிறுவனங்களில். சுயநிதிக் கல்லூரிகளில் இதே தகுதிக்குத் தருவது பெரும்பாலும் இதன் பக்கத்தில்கூட வராது என்பதையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

கேந்திரிய வித்யாலயாவில் நூலகராக பி.லிப். போதும், அல்லது டிகிரியோடு ஒரு வருட நூலக அறிவியல் டிப்ளமா. இந்தி, ஆங்கிலத்தில் வேலை செய்யும் அளவுக்குப் பழக்கம் வேண்டும். ஊதிய நிலை 7, தொடக்கம் 44,900. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ பெரும்பாலும் தனி நூலகர் பணியிடமே இல்லை. ஓர் ஆசிரியரிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். சாவியைப் பெற்றவருக்கு நூல் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். அலமாரி பூட்டியே கிடக்கிறது.

பொது நூலகத் துறையின் அமைப்பு தனி. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வசூலாகும் வரி முழுதாக, காலத்தில் வந்து சேர்வதில்லை என்பது இந்தத் துறையின் நீண்ட நாள் முறையீடு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று தனி வரி இருக்கும். நூலகத்துக்குள் காலே வைக்காதவரும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். மாநிலத்தில் பொது நூலகங்கள் 4,600க்கும் மேல். மேலே கன்னிமாரா, 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அடுத்து மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம். பணியில் ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை நூலகர், மாவட்ட நூலக அலுவலர் என்று படிகள்.

2023இல் டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த நூலகப் பணிகள் தேர்வு நடத்தியது. ஒரே அறிவிப்பில் பல பதவிகள், பதவிக்குப் பதவி கல்வித் தகுதி வேறு. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். நூலக அறிவியலில் கரைகண்டவர்களும் இதை அலட்சியம் செய்து வெளியே போயிருக்கிறார்கள். ஒரு பணியிட அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுவதால், இதை மட்டும் நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

மருத்துவமனை, ஆய்வுக்கூடம், நாளிதழ், சட்ட நிறுவனம் என்று சிறப்பு நூலகங்கள் வேறு இருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சுவடி, பழைய அச்சு நூல் பாதுகாப்பு, ஸ்கேனிங் வேலைகள். இடங்கள் குறைவு; அங்கே பட்டத்தைவிடக் கைத்திறனைப் பார்ப்பார்கள்.

கணினியில் தமிழ் எங்கே உதைக்கிறது?

கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருளைத் தெரியாமல் இன்று கல்லூரி நூலக நேர்முகத்துக்குப் போக முடியாது. நியூசிலாந்தில் உருவாகி 2000 தொடக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள், லினக்ஸில் ஓடும். பழைய கணினி ஒன்றில் நிறுவிப் பழகினால் பட்டயப் படிப்பு ஒன்றுக்குச் சமம். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட்டின் சோல், தேசிய தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா ஆகியவற்றையும் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள். மென்பொருள் எதுவானாலும் உள்ளே ஓடுவது மார்க் 21 என்ற பதிவு வடிவம்: 020இல் ஐ.எஸ்.பி.என்., 082இல் டூயி எண், 100இல் ஆசிரியர், 245இல் தலைப்பு, 650இல் பொருள் தலைப்பு. இந்த ஐந்து எண்களும் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

பழைய பட்டியலைக் கோஹாவுக்கு மாற்றும்போது எல்லோரும் ஒரே குழியில் விழுகிறார்கள். பட்டியல் எக்செலில் இருக்கும். எக்செலுக்கு 020 என்பது வெறும் 20. முன்னால் இருக்கும் சுழியை விழுங்கிவிடும். நூலக அறிவியலின் சொந்த எண்ணே 020 என்பது இதில் வேடிக்கை. 13 இலக்க ஐ.எஸ்.பி.என். 9.78 என்று தொடங்கும் அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கும். அப்படியே சி.எஸ்.வி. என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்ப வராது. தகவலை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்திகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை.

தமிழ்த் தகவல் என்றால் இன்னும் மூன்று இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் எதுவும் தேடலில் வராது. யூனிகோடிலேயே 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஏற்றும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, கோஹாவின் ஜீப்ரா தேடுபொறியை ஐ.சி.யு. (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் நிரல் தொகுப்பு) முறையில் அமைத்து அட்டவணையை மறுபடி உருவாக்காவிட்டால் தமிழ்ச் சொற்களை ஒழுங்காகப் பிரித்துத் தேடாது. இவ்வளவும் செய்த பிறகும், 'தமிழ்ச் சிறுகதைகள்' என்று பட்டியலிலும் 'தமிழ் சிறுகதை' என்று வாசகர் விரலிலும் இருந்தால் ஒற்று இடறும். அதற்குப் பொருள் தலைப்புகளை ஒழுங்காகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நூல் வந்தது முதல் அடுக்குக்குப் போகும்வரை

பார்சல் பிரித்ததும் பில்லோடு ஒப்பிட்டு, பக்கம் விட்டுப்போனதா, தலைகீழாகக் கட்டியதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். முத்திரை குத்திய நூலைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். எனவே சரிபார்ப்புக்குப் பிறகே முத்திரை. அடுத்து சேர்க்கைப் பதிவேடு. ஒரே தலைப்பில் ஐந்து படி வாங்கினால் ஐந்து வரி, ஐந்து எண். ஒரு நூலை நீக்கிவிட்டால் அதன் எண்ணை வேறு நூலுக்குத் தரவே கூடாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம், கடைசிப் பக்கம், இவற்றோடு நூலகம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ரகசியப் பக்கம் என்று முத்திரை இடங்கள் உண்டு. ரகசியப் பக்கம் 25 என்றால் எல்லா நூலிலும் 25. முதல் தாளைக் கிழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடையில் போட்டாலும் அடையாளம் காட்டிக் கொடுக்கும். முதுகு லேபிளைக் கீழிருந்து ஓர் அங்குலம் விட்டு ஒரே மட்டத்தில் ஒட்டினால், அடுக்கைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது இடம் மாறிய நூல் தானாகக் கண்ணில் படும்.

இந்தக் கணக்கு வழக்கெல்லாம் ஏன் முக்கியம் என்பது இருப்புச் சரிபார்ப்பின்போது தெரியும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களுக்கானது. 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 20,000 முதல் 50,000 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சரிபார்ப்பு. அதற்கு மேல் என்றால் மூன்று ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு. ஓராண்டில் வெளியே கொடுத்த, படிக்கக் கொடுத்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை இழப்பை, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாவிட்டால், இயல்பானதாகக் கொள்ளலாம். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரணை. இந்த ஐந்து என்ற எண்ணைத் தெரியாத நூலகர்கள்தான், காணாமல் போன ஒவ்வொரு நூலுக்கும் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து அலமாரியைப் பூட்டி வைக்கிறார்கள்.

புதிதாக வேலையில் சேர்பவருக்கு முதல் நாள் ஒரு தாள் நீட்டப்படும்: 'நூலகத்தில் உள்ள இத்தனை ஆயிரம் நூல்களைப் பொறுப்பேற்றுக்கொண்டேன்.' முன்பிருந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், முதல்வருக்கு அவசரமாக இருக்கும், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான், போட்டுடுங்க மேடம்" என்பார் எழுத்தர். எண்ணாமல் கையெழுத்துப் போட்டால், பத்து வருடத்துக்கு முன் தொலைந்த நூலும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். 'பதிவேட்டின்படி இத்தனை நூல்கள். நேரடிச் சரிபார்ப்புக்கு உட்பட்டு ஏற்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்து எழுதி, சரிபார்ப்புக்கு ஆள்களையும் நாள்களையும் கேட்டு அன்றே ஒரு கடிதம் கொடுங்கள். தேதி முத்திரையோடு அதன் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள்.